விட்டதும் வைத்ததும்

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை தரட்டுமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். 'தாருங்கள், யார் படிப்பார்கள் என்றுதான் தெரியவில்லை' என்றார். கவிதைகளுக்கும் அவர் இதே பதிலைத்தான் சொல்லி வருகிறார் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

போன பொங்கலுக்கு அக்கா மகன் செங்கல்பட்டு வந்திருந்தான். சென்னையில் மென்பொருள் வேலை. பழைய யந்திரங்களைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் ப்ரோக்ராம்களைத் தன் லேப்டாப்பில் சேர்த்து வைத்திருக்கிறான். ஒரே விளையாட்டை, வெவ்வேறு யந்திரங்களுக்காக எழுதப்பட்ட வெவ்வேறு பதிப்புகளில், ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து காட்டினான். இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தோம். இதில் இது இல்லை, அதில் அது இல்லை என்று இருவரும் கணக்கெடுத்துக்கொண்டே வந்தோம். மூன்றாம் நாள் காலை ஏரிக்கரையில் நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: நாங்கள் செய்துகொண்டிருந்தது மொழிபெயர்ப்பு விமர்சனம். அதுவும், ஏறத்தாழ முப்பது வருஷங்களுக்கு முன் நான் செய்த அதே தவறான மாதிரியில். அந்தச் சொந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் விளையாட்டுகள்.

இதில் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம் அவசியம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஒரு யந்திரத்துக்கு எழுதிய விளையாட்டு இன்னொன்றில் ஓடாது. மூளை வேறு, நினைவின் அளவு வேறு, படம் போடும் விதம் வேறு, சப்தம் எழுப்பும் விதம் வேறு. ஆகவே ஒவ்வொரு யந்திரத்துக்கும் யாராவது ஒருவர் உட்கார்ந்து அதை மறுபடி எழுதியாக வேண்டும். பல சமயங்களில் அவர் கையில் மூலத்தின் குறியீடு கூட இருக்காது. விளையாட்டைப் பார்த்துப் பார்த்துத் தன் யந்திரத்தில் அதை வரவழைக்க வேண்டும். ரஷ்ய நாவலை ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் எழுதியவர்களின் நிலைமைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

1

பேக்-மேன் 1980இல் ஜப்பானின் நாம்கோ கம்பெனியிலிருந்து வந்தது. உருவாக்கியவர் டோரு இவாடானி. காசு போட்டு ஆடும் பெரிய பெட்டி. கறுப்புத் திரையில் நீலச் சுவர்களால் ஆன ஒரு சந்து. அதில் 240 சிறு புள்ளிகள், 4 பெரிய புள்ளிகள். ஒரு மஞ்சள் வாய் அவற்றைத் தின்றுகொண்டே போகிறது. நான்கு பேய்கள் துரத்துகின்றன.

அந்த நான்கும் ஒரே மாதிரித் துரத்துவதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிவப்பு நேராக நம்மைக் குறிவைத்து வருகிறது. இளஞ்சிவப்பு நாம் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கிறது. நீலம் சிவப்பின் இடத்தையும் நம் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு நகர்கிறது. ஆரஞ்சு தூரத்தில் இருக்கும்வரை துரத்தும், அருகில் வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். நான்கு எளிய விதிகள் சேர்ந்து நான்கு சுபாவங்கள் ஆகிவிடுகின்றன. நாவலாசிரியன் பாத்திரம் படைப்பது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இங்கே ஒரு பாத்திரத்துக்கு ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்திருக்கிறது.

இதை அமெரிக்காவின் அடாரி கம்பெனி தன் வீட்டு யந்திரமான 2600க்கு 1982இல் கொண்டு வந்தது. எழுதியவர் டாட் ஃப்ரை. அந்த யந்திரம் 1977ஐச் சேர்ந்தது. அதன் நினைவு 128 பைட். இந்தக் கட்டுரையின் முதல் பாராவைக் கூட அதில் வைக்க முடியாது. ப்ரோக்ராம் முழுவதும் 4 கிலோபைட் கேசட்டில் அடங்க வேண்டும். ஒரு முழுத் திரைப் படத்தை வைத்துக்கொள்ள அந்த யந்திரத்தில் இடமே கிடையாது. டி.வி.யின் கதிர் திரையில் ஒவ்வொரு வரியாக இறங்கும்போது அதற்கு ஈடுகொடுத்து அந்தந்த வரியை அந்தந்தக் கணத்தில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். உருவங்கள் என்று அது தருவது இரண்டு. மற்றவை குண்டும் பந்துமாக வெறும் கட்டிகள்.

இரண்டு உருவங்களை வைத்துக்கொண்டு ஒரு வாயையும் நான்கு பேய்களையும் காட்ட வேண்டும். ஃப்ரை வாய்க்கு ஒன்றைக் கொடுத்தார். மற்றதை நான்கு பேய்களும் முறை வைத்துப் பகிர்ந்துகொண்டன. ஒரு நொடியில் வரும் அறுபது படங்களில் ஒவ்வொரு பேயும் நான்கில் ஒரு படத்தில்தான் இருக்கும். ஆகவே அவை சிமிட்டுகின்றன, மங்குகின்றன, நிறம் பிடிபடவில்லை. புள்ளிகள் சிறு கோடுகளாயின. பழங்கள் போய் ஒரு சதுரத் துண்டு வந்தது. இடமும் வலமும் இருந்த சுரங்க வழி மேலும் கீழுமாயிற்று. இசை போய் ஒரு தகர ஓசை மிஞ்சியது.

அக்கா மகன் இந்தப் பட்டியலை விரல் விட்டு எண்ணினான். உலகம் முழுவதும் நாற்பது வருஷமாக எண்ணி வரும் பட்டியல்தான். சரியான பட்டியலும்கூட. நான்தான் வேறு ஒன்றைக் கவனித்தேன். இந்த வறுமையிலும் இரண்டு பேர் மாறி மாறி ஆடும் வசதி இருக்கிறது. ஒருவன் முறை முடிந்து அடுத்தவன் ஆடும்போது முதலாமவன் எந்தப் புள்ளிகளைத் தின்று முடித்தான் என்பதை யந்திரம் ஞாபகம் வைத்திருந்தாக வேண்டும். அதற்கு ஆன செலவு 23 பைட்.

'128ல 23ஆ? அதை எடுத்துட்டு பேயை ஒழுங்கா போட்டிருக்கலாமே மாமா' என்றான்.

இருக்கலாம். ஆனால் அந்த 23 பைட்டில் ஒரு தீர்மானம் இருக்கிறது. இது வீட்டு யந்திரம், பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பான், அவன் முறைக்குக் காத்திருப்பான் என்று ஃப்ரை எண்ணியிருக்கிறார். அவருக்கு இந்த விளையாட்டு அது. இந்த வாசிப்பு தவறு என்பது என் கட்சி. பேக்-மேனின் உயிர் நான்கு சுபாவங்களில் இருக்கிறது. அவற்றை ஒன்றுபோல மங்கச் செய்த பிறகு மிஞ்சுவது வெறும் ஓட்டம். அதே யந்திரத்துக்குச் சிறிது காலத்திலேயே வந்த மிஸ் பேக்-மேன், 8 கிலோபைட் கேசட்டில், பேய்கள் ஒரே வரியில் மோதிக்கொள்ளும்போது மட்டும் சிமிட்டும்படி எழுதப்பட்டுச் சுபாவங்களைத் திருப்பிக் கொடுத்தது. ஆகவே ஃப்ரையின் பதிப்பு தோல்விதான். ஆனால் பழம் சதுரமானதால் அது தோற்கவில்லை. எதை வைப்பது என்று தேர்ந்த இடத்தில் தோற்றது. இந்த வித்தியாசம் முக்கியம்.

2

1993வாக்கில் செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் டி.வி. கேம் கடை ஒன்று இருந்தது. நான்கு டி.வி.கள், மணிக்கு 5 ரூபாய். அக்கா மகனை அங்கே அழைத்துப் போவது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வேலை. நின்று நின்று அலுத்துப் போய் நானும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தேன். கான்ட்ரா. இருவரும் தோளோடு தோளாக ஓடிச் சுடும் விளையாட்டு. அவன் லைஃப் போனால் என்னுடையதிலிருந்து எடுத்துக்கொள்வான்.

அந்தக் கடையில் இருந்தவை ஜப்பானின் நின்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற யந்திரத்தின் நகல்கள். இந்தியாவில் சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களில் இப்படிப்பட்டவை விற்றன. பெயரே இல்லாமலும் வந்தன. கேசட்டிலோ எத்தனையோ ஆயிரம் விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது சில விளையாட்டுகள்தான். அவையே வேறு வேறு பெயரில், வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கித் திரும்பத் திரும்ப வரும். அசல் எது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. ஜப்பான் என்ற சொல்லை அந்தக் கடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பல வருஷங்கள் கழித்து வெளிநாட்டில் இருந்து திரும்பிய நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார்: 'நீங்கள் ஆடியது கான்ட்ராவே இல்லை. அசல் 1987இல் கொனாமி வெளியிட்ட காசுப் பெட்டி. அதன் திரை நெட்டுக்குத்தாக நிற்கும். உருவங்கள் பெரியவை. நீங்கள் ஆடியது 1988இல் வீட்டு யந்திரத்துக்குக் குறைத்து எழுதியதன் திருட்டு நகல்.' அவர் சொன்ன தகவல்கள் எல்லாம் சரி. தொனிதான் எனக்கு நன்கு தெரிந்த தொனி. காஃப்காவை ஜெர்மனில் படிக்காதவன் காஃப்காவைப் பற்றிப் பேசக் கூடாது என்று நம்மிடம் சொல்லப்பட்ட அதே தொனி.

இந்தப் பொங்கலுக்குத்தான் காசுப் பெட்டிப் பதிப்பை எமுலேட்டரில் பார்த்தேன். படம் பெரிது, நிறம் அதிகம், சப்தம் கம்பீரம். ஆனால் அரை மணி ஆடியதும் ஒன்று தெளிவாகிவிட்டது. அது நம் காசை வாங்குவதற்காகக் கட்டப்பட்ட வடிவம். சீக்கிரம் கொல்ல வேண்டும், இன்னொரு காசு போடவும் தோன்ற வேண்டும். வீட்டுக் கேசட் ஏற்கெனவே விலைக்குப் போய்விட்டது. அதற்கு அந்த அவசரமில்லை. அது கட்டங்களை நீட்டி, எதிரிகள் வரும் தாளத்தைத் திருத்தி, கற்றுக்கொண்டால் கடக்கலாம் என்ற நியாயத்தைக் கொண்டுவந்தது. மூலத்தைவிடப் பெயர்ப்பு மேலானது என்று துணிந்து சொல்லக்கூடிய இடங்களில் இது ஒன்று.

பெயர்ப்புக்குள்ளும் பெயர்ப்புகள் உண்டு. ஜப்பானியக் கேசட்டில் கொனாமியின் தனிச் சில்லு ஒன்று இருந்தது. அதில் காட்டு மரங்கள் அசைகின்றன, பனி பறக்கிறது, கட்டங்களுக்கு நடுவே ஒரு வரைபடம் வருகிறது. அமெரிக்கக் கேசட்டில் அந்தச் சில்லு இல்லை. மரங்கள் அசையவில்லை. ஐரோப்பாவுக்கு 1990இல் போனபோது பெயர் ப்ரோபோடெக்டர் ஆயிற்று, மனிதர்கள் ரோபோக்கள் ஆயினர். மனிதர்கள் சுட்டுக்கொள்வதை இளைஞர்கள் பார்க்கக் கூடாது என்ற ஜெர்மன் சட்டத்துக்கு அஞ்சி நடந்த மாற்றம். ஓட்டமும் குண்டும் அதே, சாகிறவன் மட்டும் இரும்பு. தணிக்கை ஒரு பிரதியை எப்படித் தொடுகிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வலியை மட்டும் எடுத்துவிடுகிறது.

'நம்ம கடையில மரம் ஆடுச்சா மாமா?' என்று கேட்டான். ஆடவில்லை. ஆனால் எங்கள் தோள்கள் ஆடின. ஒருவன் குதிக்கும்போது மற்றவன் உடம்பும் எழும்பும். லேப்டாப்பில் தனியாக ஆடும்போது அது வரவில்லை. எமுலேட்டர் எதையும் பெயர்ப்பதில்லை, பழைய யந்திரத்தையே அதன் குறைகளோடு எழுப்பி நிறுத்துகிறது. 1997இல் வெளிவந்த மேம் என்ற ப்ரோக்ராம் காசுப் பெட்டிகளுக்கு இதைச் செய்தது. ஆனால் யந்திரத்தை எழுப்பலாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை எழுப்ப முடியாது. டாட் ஃப்ரை 23 பைட்டை ஏன் கொடுத்தார் என்பது எனக்கு அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. அவரைத் தோல்வி என்று சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் சொல்லும்போது இருந்த உற்சாகம் இப்போது இல்லை.

3

வறுமை எப்படிச் சிருஷ்டியாகிறது என்பதற்கு 'ப்ரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' சாட்சி. ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் 1985இல் வீடியோவில் எடுத்து, அதைப் படம் படமாகப் பிரதியெடுத்து, ஆப்பிள் 2 யந்திரத்தில் ஒரு மனித உடம்பை நடக்க வைத்தார். 1989இல் வெளிவந்தது. இசை அவருடைய தந்தையினுடையது. சிறைப்பட்ட இளவரசியை அடைய ஒரு மணி நேரம், அதற்குமேல் ஒரு வினாடி கிடையாது. இளவரசன் விளிம்பில் தொங்கும்போது உடம்பின் கனம் நமக்குத் தெரிகிறது. அதுவரை விளையாட்டுகளில் உடம்புக்குக் கனம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அந்த நடைக்கே யந்திரத்தின் நினைவு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. எதிரி வேண்டும், இன்னொரு உருவம் வரைய இடமில்லை. மெக்னர் இளவரசனின் படத்தையே எடுத்து, ஒரு பிட் தள்ளி, அதன்மீதே வைத்துக் கழித்தார். மினுங்கும் ஓர் எலும்புக் கோட்டு உருவம் கிடைத்தது. அதுதான் நிழல் மனிதன். நான்காம் கட்டத்தில் ஒரு கண்ணாடியைக் கிழித்துக்கொண்டு தாவும்போது மறுபக்கமாக வெளியேறுகிறான். அதன்பின் நம் மருந்தைக் குடிக்கிறான், நாம் நிற்கும்போது கதவை மூடுகிறான். கடைசியில் அவனை வாளால் வெட்டினால் நம் உயிர் குறைகிறது. வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடக்க வேண்டும், இருவரும் ஒன்றாகிறார்கள். இட நெருக்கடிக்குக் கண்ட உபாயம் அந்தப் படைப்பின் மையப் படிமமாகிவிட்டது. தத்துவம் பேசுவதற்காக நிழலைக் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு நிறைவாக வந்திருக்குமா என்பது சந்தேகமே.

இதை நான் முதலில் பார்த்தது ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில். ஆபீஸில் எங்களைப் படிக்க அனுப்பியிருந்தார்கள். 1990இன் டாஸ் பதிப்பு, நிறமில்லாத ஹெர்குலிஸ் திரை, எல்லாம் பழுப்பு மஞ்சள். நிறத் திரையில் மருந்துக் குப்பியையும் நஞ்சுக் குப்பியையும் குமிழின் நிறம் பிரித்துக் காட்டும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எங்களுக்கு எல்லாக் குப்பியும் ஒரே குப்பி. குடித்துத்தான் பார்க்க வேண்டும். யாரும் எழுதாத ஒரு பதிப்பை எங்கள் திரை எழுதியிருந்தது. சொல்லப் போனால், மூலத்தைவிடக் கடுமையான பதிப்பு.

1992இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு ஒரு பதிப்பு வந்தது. அது சக்தியுள்ள யந்திரம். கட்டங்கள் 20, நேரம் 120 நிமிஷம், புதிய எதிரிகள், சுவர்களில் வேலைப்பாடு, செழிப்பான இசை. எதையும் விட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. என் பார்வையில் அதுதான் அதன் கோளாறு. ஒரு மணி நேரம் என்பது அந்தக் கதையின் கழுத்தைப் பிடித்திருந்த கை. இரண்டு மணி நேரமானதும் கை தளர்ந்துவிட்டது. புதிய எதிரிகள் கூட்டமாக வந்த பிறகு நிழல் மனிதன் பலரில் ஒருவன் ஆகிறான். அக்கா மகன் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்த இசைக்காகவே அதுதான் சிறந்தது என்கிறான். இருக்கட்டும்.

எனக்கு அதைவிட மனதில் நிற்பவை பின்னால் வந்த இரண்டு பெயர்ப்புகள். 2011இல் ஒருவர் கொமடோர் 64 யந்திரத்துக்கு இதை எழுதினார். அந்த யந்திரம் சந்தையிலிருந்து போய் வருஷங்கள் ஆகியிருந்தன. மூலக் குறியீடு யாரிடமும் இல்லை. ஆப்பிள் பதிப்பைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே செய்தார். அடுத்த வருஷம் மெக்னரின் தந்தை வீட்டில் பழைய டிஸ்க்குகளைக் கண்டெடுக்க, குறியீடு வெளியாயிற்று. அதை வைத்து 2018இல் பிபிசி மாஸ்டர் என்ற 1986ஆம் வருஷத்து யந்திரத்துக்கு ஒரு பதிப்பு வந்தது. நம் நாட்டில் 1984இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்தவை இந்தக் குடும்பத்தின் முந்தைய பிபிசி மைக்ரோக்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அது துணி போர்த்தி, அறை பூட்டி வைக்கப்பட்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். வாங்க ஆளில்லாத காலத்தில் எதற்காக ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து இதை எழுத வேண்டும்? இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு அந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையிராது.

4

பொங்கல் விடுமுறை முடியும் முன் அக்கா மகன் மாமல்லபுரம் போகலாம் என்றான். திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் போனோம். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஊருக்குள் தபசுப் பாறை. அர்ச்சுனன் தபசா பகீரதன் தபசா என்ற தகராறு இன்னும் தீரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள், நடுவே இயற்கையாகப் பிளந்த பிளவில் நாகர்கள், யானைகளின் பக்கத்தில் ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூனை, அதன் காலடியில் எலிகள். அதே காட்சியை எடுத்து முடிக்காமல் விட்ட இன்னொரு பாறையும் அதே ஊரில் உண்டு. சாலை ஓரக் கடைகளில் அதே பாறை மாக்கல்லில் ஒரு சாண் அகலத்துக்குக் கிடைக்கிறது. ஒரு கடையில் செதுக்கிக்கொண்டிருந்தவரிடம் இதில் யார் யாரை வைப்பது என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்று கேட்டேன்.

'அத்தனை தலையும் இதுல நிக்காது சார். யானை இல்லன்னா வாங்க மாட்டாங்க. அதனால யானை' என்றார். பிறகு விரலால் ஓரத்தைக் காட்டினார். அரிசி அளவில் பூனை. 'இது யாரும் கேக்கறதில்ல. இது இல்லாம எனக்குச் செய்ய வராது.'

அடுத்த கடையில் பூனை இல்லை. வானத்துக் கந்தர்வர்கள் கூடுதலாக இருந்தார்கள். இரண்டும் ஒரே விலை. இருவரும் நூற்றுக்கணக்கான உருவங்களை விட்டவர்கள்தான். விட்டதை வைத்து இவர்களைப் பிரிக்க முடியாது. வைத்ததை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஒருவர் அந்தப் பாறையை, தவத்தையும் போலித் தவத்தையும் ஒரே மூச்சில் காட்டும் பாறையாகப் படித்திருக்கிறார். இதை அவர் இந்த வார்த்தைகளில் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டியதுமில்லை, செய்துவிட்டார்.

ரதங்களுக்குப் போனோம். திரௌபதி ரதம் என்று பெயர் பெற்றது ஒரு கூரை வீடு. வளைத்த மரத்தின்மேல் வேய்ந்ததால் வந்த வளைவு, முழுக்கக் கல்லில். பீமன் ரதத்தின் நீண்ட கூண்டுக் கூரையும் அப்படியே. மரத்துக்கு அவசியமாயிருந்தவை கல்லுக்கு அவசியமில்லை. கல்லில் அவற்றை வலிந்து எழுத வேண்டும். 1978இல் நிஷிகாடோ எழுதிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஞாபகம் வந்தது. 55 எதிரிகளை ஒரே சமயத்தில் நகர்த்த அந்த மூளைக்குச் சிரமம். சிலர் செத்ததும் மிச்சமுள்ளவர்கள் தாமாகவே வேகமாக நகர்ந்தார்கள். அவர் அதைத் திருத்தாமல் வைத்துக்கொண்டார், அதுவே அதன் பதற்றமாயிற்று. பிற்பாடு வந்த வேகமான யந்திரங்களில் எத்தனை எதிரிகள் இருந்தாலும் சிரமமில்லை. ஆகவே அந்தத் தடுமாற்றத்தை வேலை மெனக்கெட்டு எழுதிச் சேர்க்க வேண்டும். முந்தைய யந்திரத்தின் இயலாமை பிந்தைய யந்திரத்தில் அலங்காரமாக, சில சமயம் அர்த்தமாக, நிற்கிறது. ரதத்தின் கூரையில் நிற்பதும் அதுவே.

இந்தக் கலைக்கு முன்னோடியான முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் குகையில் ஒரு வடமொழிக் கல்வெட்டு வெட்டியிருக்கிறான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தேன் என்பது அதன் சாரம். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லத்தில் இருக்கும் குகையும் அந்தக் காலத்தது, அவனுக்கு அடங்கிய ஒருவன் எடுத்தது. கல்வெட்டைப் பற்றி அக்கா மகனிடம் சொன்னேன். 'இல்லாததையா பட்டியல் போட்டான்?' என்று சிரித்தான். ஆமாம். விட்டவற்றின் பட்டியலைப் பெருமையாகப் போட்டுக்கொண்டவன் அவன். நான் போட்ட பட்டியல் வேறு மாதிரி.

5

தொண்ணூறுகளின் நடுவில், இப்போது நின்றுபோன ஒரு சிற்றேட்டில் மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு மதிப்புரை எழுதினேன். ஐரோப்பியக் குறுநாவல், ஆங்கிலம் வழியாக. மொழிபெயர்த்தவர் இந்த ஊர்க் கணக்கு வாத்தியார். சொந்தச் செலவில் அச்சிட்டது. நான் ஆங்கிலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டேன். விட்டுப் போன வாக்கியங்கள் 41. எண் போட்டு எழுதினேன். அந்த ஆங்கிலமே ஒரு மொழிபெயர்ப்பு என்பதும், மூலமொழி எனக்கும் தெரியாது என்பதும் எழுதும்போது ஒரு தடவை கூடத் தோன்றவில்லை. மதிப்புரையைப் பலர் பாராட்டினார்கள். கறாராக இருக்கிறது என்றார்கள்.

அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'விட்டதை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், சரி. எதற்காக விட்டேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.' நான் பதில் போடவில்லை. ரயிலடியில் பார்த்தால் சிரிப்பார். அதற்குப் பிறகு அவர் எதையும் வெளியிடவில்லை. இப்போது அவர் இல்லை. அச்சகத்தில் வேலை பார்த்தவர் வெகுநாள் கழித்து ஒரு தகவல் சொன்னார்: ஆறு ஃபாரத்துக்கு மேல் காகிதம் வாங்க அவரிடம் பணமில்லை. தொண்ணூற்றாறு பக்கம். அதுதான் அவருடைய கேசட்.

மாமல்லபுரத்திலிருந்து திரும்பியதும் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். என் 41ஐயும் மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை அவர் கேட்கச் சொன்ன கேள்வியோடு. அவற்றில் பெரும்பாலானவை கதாநாயகன் தன் செயலுக்குக் காரணம் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்கள். அவன் எழுந்தது, கதவைத் திறந்தது, நாற்காலியைத் தள்ளியது என்று உடம்பின் அசைவு வரும் வாக்கியம் ஒன்றுகூட விடுபடவில்லை. காரணமற்ற செயல்களின் கதையாக அதைப் படித்திருக்கிறார் அவர். ஆங்கிலத்தைவிடத் தமிழில் அந்த மனிதன் இன்னும் தனியாக இருக்கிறான். இது தவறான வாசிப்பு என்று யாராவது வாதிடலாம், வாதிட இடமிருக்கிறது. ஆனால் இது வாசிப்பு. நான் எழுதியது கணக்கு. கணக்கு வாத்தியாரிடம் கணக்குக் காட்டியிருக்கிறேன்.

குறைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். மோசமான பதிப்புகள் நிறைய. இடமில்லாததால் கை போன இடத்தில் வெட்டியவை, இடமிருந்ததால் கண்டதையெல்லாம் சேர்த்தவை. என்ன விலை கொடுத்து எதை வைத்துக்கொண்டாய் என்று அவற்றைக் கேட்டால் பதில் வராது. அந்தக் கேள்விக்குப் பதில் வருகிற பதிப்பு, அது எவ்வளவு ஏழ்மையானதாக இருந்தாலும், மூலத்தைப் பற்றி நமக்கு ஏதோ சொல்கிறது. சந்துக் கடையில் அசையாத மரங்களுக்கு நடுவே ஆடியவனுக்கும் கான்ட்ராவைப் பற்றிப் பேச உரிமை உண்டு.

41இல் ஒன்று மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. காரணம் சொல்லும் வாக்கியம் இல்லை, நீளமானதும் இல்லை. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், ஜன்னலுக்கு வெளியே ஒருவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போகிறான். ஒரே வரி. அசைவுதான். அவர் வைத்திருக்க வேண்டிய வரி. அந்தப் பக்கத்தில் இடமும் இருக்கிறது. ஏன் விட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.